இன்சுலினுக்கு தைமஸில் என்ன வேலை? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இன்சுலின் கணையத்தில்தானே சுரக்கிறது? தைமஸிலும் அந்த மரபணு இயங்குவது எதற்கு?

பதில்: சுரப்பதற்கு அல்ல, காட்டுவதற்கு. தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் அங்கேதான் வளர்கின்றன. தைமஸின் உட்பகுதியான மெடுல்லாவிலுள்ள எபிதீலியல் (புறப்படலச்) செல்கள், கணையம், தைராய்டு, கண் போன்ற உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் துளித்துளியாகத் தயாரித்து, வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல்கள் பின்னாளில் சொந்த உடலையே தாக்கக்கூடியவை என்பதால், பல அங்கேயே மடிகின்றன. சில, தாக்குதலை அடக்கும் ட்ரெக் செல்களாகின்றன. ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஒரே நேரத்தில் தயாரிப்பவை 1 முதல் 3 சதவீத எபிதீலியல் செல்களே. அதனால்தான் டி செல் நாலைந்து நாள் மெடுல்லாவில் அலைகிறது.

கேள்வி: இத்தனை மரபணுக்களை 'ஏர்' எப்படி அடையாளம் காண்கிறது?

பதில்: உழுகிற ஏர் அல்ல, தைமஸில் இந்தப் புரதங்களின் மரபணுக்களை இயக்கிவிடும் ஏர் (AIRE). 21-ஆம் குரோமோசோமில் 1997-இல் கண்டறியப்பட்ட மரபணு. அதன் புரதம் எந்த மரபணுவையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் நான்காவது இடத்திலுள்ள லைசினில் மெத்தில் என்ற வேதிக் குறி இல்லாவிட்டால், அங்கே உறங்கும் மரபணு இருக்கிறது என்று பொருள். ஏர் அங்கே ஒட்டும். மரபணுவை ஆர்என்ஏவாக நகலெடுக்கத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்ட ஆர்என்ஏ பாலிமரேஸ் என்சைமை நகர்த்திவிடும். எல்லாம் ஏரின் வேலை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஃபெஸ்எஃப்2 என்ற புரதமும் தனியே ஒரு தொகுதி மரபணுக்களை இயக்குகிறது.

கேள்வி: ஏர் பழுதில்லை என்றால் டைப் 1 சர்க்கரை நோய் வராதா?

பதில்: வரலாம். இன்சுலின் சுரக்கும் செல்களை டி செல்கள் தாக்குவதால் வருவது டைப் 1. தைமஸில் இன்சுலின் எவ்வளவு காட்டப்படுகிறது என்ற அளவும் முக்கியம். இன்சுலின் மரபணுவுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. நீளமாக இருந்தால் தைமஸில் இன்சுலின் ஆர்என்ஏ 2 முதல் 3 மடங்கு கூடும். நோய் வாய்ப்பு குறையும்.

கேள்வி: என் 7 வயது மகனுக்கு வாயில் அடிக்கடி வெள்ளைப் பூஞ்சை, இப்போது கால்சியமும் குறைவு. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். ஏரின் இரு பிரதிகளும் பழுதானால், நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தச் சுரப்பிகளையே தாக்கும் ஏபிஎஸ்-1 நோய் வரும். அதன் மூன்று அடையாளங்களில் இரண்டு இவை. பூஞ்சையைத் தடுக்க உதவும் ஐஎல்-17, ஐஎல்-22 புரதங்களை உடலே எதிர்ப்பதால் பூஞ்சை விடாது. பாஸ்பேட் கூடி, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது அடையாளம், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் செயலிழப்பு. அது சில ஆண்டுகள் கழித்தும் வரும். ஆகவே கால்சியம் மாத்திரையோடு நிற்காமல் காலை நேரக் கார்ட்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்), ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்), சோடியம், பொட்டாசியம் பரிசோதியுங்கள். வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. இன்டர்ஃபெரான் ஒமேகா என்ற உடலின் சொந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இருப்பதால் நல்ல தடயம். உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனை. சொந்தத்தில் மணம் முடித்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 25 சதவீதம்.