பள்ளியை விட்டு நின்ற 17 வயது மகன்: வாஷிங்டனில் ஒரு வழி இருக்கிறது

வணக்கம் சகோதரி. சியாட்டில் பக்கம் இருக்கிறோம், மகன் ஒரு வருடமாகப் பள்ளிக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். உட்காரவே வேண்டாம். வாஷிங்டன் மாநிலம் 2010இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஒரு சட்டம் போட்டது. அதன்படி நடப்பதுதான் 'ஓப்பன் டோர்ஸ்'. வயது 16 முதல் 21க்குள், கிரெடிட்டில், அதாவது பள்ளி முடிக்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளிகளில், ரொம்பப் பின்தங்கியவர்கள் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) போன்ற இடங்களில் ஜிஇடியோ (பள்ளிப் படிப்புக்கு இணையான தேர்வு) உயர்நிலைப் பள்ளி டிப்ளமோவோ படிக்கலாம். பள்ளிக்கு அரசு தரும் பணமே அவர்களோடு வந்துவிடும் என்பதால் நீங்கள் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, பாடத்தைத் தாண்டி மாணவரைக் கவனித்துக்கொள்ள ஒரு கேஸ் மேனேஜர் வேண்டும் என்று சட்டமே சொல்வது. ஒரு வருடம் அறைக்குள் இருந்த பையனுக்கு முதலில் தேவை அப்படி ஒரு ஆள்தான்.

நாளைக்கே பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, 'ஓப்பன் டோர்ஸ்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் பக்கத்து மாவட்டத்தில் சேர முடியுமா என்று விசாரியுங்கள். பழைய பள்ளியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட்டையும் (படித்த பாடங்கள், மதிப்பெண்கள் உள்ள பதிவு) வாங்கி வையுங்கள். அப்புறம், முதல் சந்திப்பில் அவனையே பேச விடுங்கள்.