கனடா கேள்விகள்: பனி, பருப்பு, பிரெஞ்சு

கனடா பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் விசா, வேலை, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பற்றியவற்றை ஒதுக்கிவிட்டேன், அது என் துறை இல்லை. மீதியில் சில.

கேள்வி: இந்தியாவைப் போல மூன்று மடங்கு இடம், ஆள் 4 கோடிதான். மீதி இடம் சும்மா கிடக்கிறதா?

99.8 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று படித்ததும் எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் நாட்டில் ஏறக்குறைய பாதி, கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறை. அதன் மேல் கொஞ்சூண்டு மண், எங்கு பார்த்தாலும் ஏரி, ஏர் ஓட்டவே வழியில்லை. அதனால்தான் ஜனம் முழுக்க அமெரிக்க எல்லையை ஒட்டி நெருக்கியடித்து இருக்கிறது. வின்சரிலிருந்து கியூபெக் நகரம் வரைக்குமான பகுதியில் மட்டும் ஏறத்தாழ பாதிப் பேர். அதற்காக வடக்கைக் 'காலி' என்று சொல்லிவிடாதீர்கள், இனுயிட் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்கிற இடம் அது. 1999இல் தனியாகப் பிரிக்கப்பட்ட நுனாவுட் பிரதேசம் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், 25 ஊர்கள், மொத்தமே 40 ஆயிரம் பேர் போல. ஊருக்கு ஊர் ரோடு கிடையாது. பாலும் முட்டையும் விமானத்தில் வரவேண்டும், கனமான சாமான் என்றால் கோடையில் கடல் பனி உருகும்வரை காத்திருந்து கப்பலில். மளிகை விலை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொரண்டோ பாரிஸுக்கும் தெற்கே இருக்கிறதாமே. பிறகு ஏன் இப்படிக் குளிர்?

ஆமாம், தெற்கேதான். பாரிஸுக்குக் காற்று அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இளஞ்சூட்டோடு வருகிறது. டொரண்டோவுக்கு வருவது பெரும்பாலும் நிலத்தின் மேல் அடித்துவரும் காற்று, நடுவில் கிழக்கு மேற்காக மலைத்தொடர் எதுவும் இல்லாததால் ஆர்க்டிக் குளிர் தடையே இல்லாமல் தெற்கே இறங்கிவிடும். அதே நாட்டில் பசிபிக் கரையில் இருக்கிற வான்கூவரில் ஜனவரியிலும் பனியைவிட மழைதான் அதிகம். ரெக்கார்டு கேட்டால்: 1947இல் யூகானில் உள்ள ஸ்னாக்கில் மைனஸ் 63 டிகிரி, 2021 ஜூனில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் பிளஸ் 49.6. மறுநாளே லிட்டனில் தீப்பிடித்து ஊரில் பெரும்பகுதி எரிந்துபோனது.

கேள்வி: மைசூர் பருப்பு கனடாவிலிருந்து வருகிறது என்று கடைக்காரர் சொல்கிறார். விளையாட்டுக்கா?

இல்லை, நிஜம்தான். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். உலகத்திலேயே இந்தப் பருப்பை அதிகமாக ஏற்றுமதி செய்வது கனடாதான், அதிலும் பெரும்பகுதி சஸ்கச்சுவான் என்ற ஒரே மாகாணம். அங்கே பருப்பு சாப்பிடும் பழக்கம் பெரிதாக இருந்ததில்லை, கோதுமை பூமி அது. ஈரம் சேரட்டும் என்று நிலத்தை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தரிசாகப் போட்டுவைப்பார்கள். 1970களில் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் அந்த மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்கத் தொடங்கினார்கள், 1978இல் 'லேர்ட்' என்ற ரகம் வந்தது. பருப்புச் செடி வறட்சியைத் தாங்கும், வேரில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும், ஆக தரிசு நிலத்துக்கு வேலை கிடைத்தது. இலங்கையில் பாணோடு சாப்பிடுகிற பருப்புக் கறியிலும் கனடியப் பருப்பு உண்டு. 2017 கடைசியில் இந்தியா 30 சதவீதம் இறக்குமதி வரி போட்டதும் அங்கே விவசாயிகள் ஆடிப்போனார்கள். நம் கொள்கை முடிவுகளை அங்கே டிராக்டரில் உட்கார்ந்தபடி கவனிக்கிறார்கள் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அப்புறம், நம் வயலில் போடுகிற பொட்டாஷ் உரத்திலும் ஒரு பங்கு அதே மாகாணத்தின் சுரங்கத்திலிருந்து வருவதுதான்.

கேள்வி: கியூபெக் மாகாணம் மட்டும் ஏன் பிரெஞ்சு பேசுகிறது?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள், ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்கு முதலில் குடியேற வந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னோடிகள். 1759இல் கியூபெக் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1763இல் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஆனால் தெற்கே அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம், கியூபெக் பிரெஞ்சுக்காரர்களையும் பகைத்துக்கொள்ள முடியாமல் 1774இல் கத்தோலிக்க மதத்தையும் பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் விட்டுவைத்தார்கள். 1974 மொழிச் சட்டம் பிரெஞ்சை மாகாணத்தின் ஒரே ஆட்சிமொழியாக்கியது, 1995 பிரிவினை வாக்கெடுப்பில் பிரியவேண்டும் என்றவர்கள் 49.42 சதவீதம். மயிரிழை! பிரான்சிலேயே சாலைப் பலகையில் 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கும், கியூபெக்கில் 'அரே'.

கேள்வி: கனடா எப்போதுமே வந்தாரை வரவேற்ற நாடுதானே?

இல்லை. பசிபிக் ரயில்பாதையைப் போட ஆயிரக்கணக்கில் சீனர்களைக் கொண்டுவந்தார்கள், 1885இல் பாதை முடிந்த அதே ஆண்டு சீனர்கள் நுழைய தலைக்கு 50 டாலர் வரி, 1903இல் அதுவே 500. இந்தியர்களுக்கு வேறு தந்திரம்: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வரவேண்டும் என்று சட்டம், அப்படி நேரடியாக வர அன்றைக்குக் கப்பல் வசதி இல்லை. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரை, சிலரைத் தவிர, இரண்டு மாதம் வான்கூவர் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் கதை இதைவிடக் கொடுமை: சுமார் 1.5 லட்சம் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள், தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான், பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

கேள்வி: மேப்பிள் சிரப் ஏன் அவ்வளவு விலை? அதைத் திருடினார்களாமே?

மேப்பிள் மரத்திலிருந்து வடிகிற சாற்றைச் சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் (இனிப்புப் பாகு), அவ்வளவுதான் தேறும். இரவில் உறைபனி, பகலில் உருகல் என்று இருக்கும் வசந்தத் தொடக்கத்தின் சில வாரங்களில் மட்டுமே சாறு வடியும். திருட்டும் உண்மை. கியூபெக்கில் உற்பத்தியாளர்கள் சேமிப்புக் கிடங்கே வைத்திருக்கிறார்கள், 2011-12இல் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறக்குறைய 3,000 டன்னைக் கடத்திவிட்டார்கள். பல பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பிவைத்திருந்ததால் கணக்கெடுக்கப் போகும்வரை யாருக்கும் தெரியவில்லை.