ஏரி அறிக்கையின் பதிப்புரிமை யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாருவது குறித்துத் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றைக் கொண்டு அரசுத் துறை தயாரித்த ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டேன். ‘பதிப்புரிமைக்கு உட்பட்டது’ என்று மறுத்துவிட்டார்கள். இது முறைதானா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்த ஒற்றை வரியை மட்டும் காரணமாகக் காட்டி மறுத்தது முறையன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்படும் நிலையில்தான் மறுக்க இடம் தருகிறது. அரசின் பணிப்பில் உருவான படைப்புக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அரசே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, அத்துறை நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். உரிமை யாருக்கு என்பது அதில்தான் தெரியும். அடுத்து, வணிக இரகசியம் என்றும் சொல்லக்கூடும். பொதுநலன் மேலோங்கி நின்றால் வணிக இரகசியம், அறிவுசார் சொத்து குறித்த தகவலையும் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம்கூட அங்கே குறுக்கே நிற்க முடியாது. மக்கள் வரிப்பணத்தில், மக்களின் நீர்நிலையைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையை அம்மக்களிடமிருந்தே பூட்டி வைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆவணத்தை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்பதால், அதையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள்.