டெல்லி ரயிலுக்கு டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி போகிறோமுங்க. ராத்திரி ஏறினால் மூன்றாம் நாள் மதியம்தான் இறக்கம். பசங்க ரெண்டு பேரும் டேப்லெட் கேட்கிறாங்க, கடையில் 12,000 ரூபாய் சொல்றாங்க. சந்தையில் 50,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 700 ரூபாய்க்குப் பார்த்தேன். ரெண்டையும் வாங்கலாமுங்களா? மாமனாரும் கூட வர்றார். – ஒரு வாசகி, கோபி

பதில்: டேப்லெட் வேண்டாங்க. இரண்டு இரவும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். பசங்க விழித்திருந்து பொழுது போகாமல் தவிக்கப்போவது நடுவில் ஒரு முழுப் பகலும் கடைசி நாள் காலையும்தான். அதற்கு 12,000 அதிகம். ஒரு திரைக்கு இரண்டு பேர் என்றால் விஜயவாடா வருவதற்குள் அடிதடியும் நடந்துவிடும்.

வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கும். அதில் வேண்டாததை அழித்துவிட்டு, படங்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு படமும் ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். சில செயலிகளில் இறக்கிய படம் சில நாளிலேயே காலாவதியாகிவிடும். சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் மறைந்துவிடும். இது நாக்பூர் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பவர் பேங்க்கைத் தொடவே வேண்டாம். நல்ல 10,000 எம்.ஏ.ஹெச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பவர் பேங்க்கே ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அப்படியானால் 50,000 என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்க வேண்டும். சந்தையில் கையில் தூக்கிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். 10,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் போனுக்குப் போய்ச் சேருவது 6,000 சொச்சம்தான். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே தருவது 5 வோல்ட் என்பதாலும், அப்படி மாற்றும்போது கொஞ்சம் வீணாவதாலும் வரும் குறைவு அது, ஏமாற்று இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று உண்மைக் கணக்கு இருக்கும், அதைப் படியுங்கள். பி.ஐ.எஸ். (பொருள்களின் தரத்தைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) பதிவு எண் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும். அதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று காட்டும். எண் இல்லாத பேட்டரியைப் பிள்ளைகள் படுக்கும் பெர்த்தில் வைப்பது ஆபத்து. 10,000 ஒன்று போதும். ரயில் பெட்டியில் இருக்கும் பிளக்கை இரவு 11 முதல் காலை 5 வரை அணைத்து வைப்பார்கள் என்பதால், சார்ஜை அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

மிச்சப்பட்ட பணத்தில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் காந்தம் வைத்த சதுரங்கமோ பாம்பு ஏணியோ வாங்கலாம். காந்தம் இல்லாத காய் ரயில் ஆட்டத்தில் சீட்டுக்கு அடியில் உருண்டுவிடும், அப்புறம் தேடுவதே வேலை. தாயம் ஆடத் துணியில் கட்டம் வரைந்து கொண்டுபோனால் மாமனாரும் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் படிக்கும் பழக்கம் இருந்தால், கோவை போகும்போது உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நாலைந்து எடுத்து வாருங்கள். எஃப்.எம். ரேடியோவை நம்ப வேண்டாம், காட்பாடி தாண்டினால் தெலுங்குதான்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ். டிக்கெட் போடும்போது சார்ஜிங் பாயின்ட், டி.வி. எல்லாம் இருப்பதாகக் காட்டினார்கள். இரண்டும் வேலை செய்யவில்லை. கேட்டால் டிரைவர் காதிலேயே வாங்கவில்லை. புகார் செய்யலாமா?

பதில்: தாராளமாக. சொன்ன வசதியைத் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. டிக்கெட், வசதிகளைக் காட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வேலை செய்யாத பிளக்கை எடுத்த வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் பஸ் கம்பெனிக்கும் டிக்கெட் விற்ற செயலிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே ஏதாவது திரும்ப வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு டி.வி. ஓடாததற்காகப் பல தடவை அலைய மனசு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரைச்சலைக் குறைக்கும் இயர்போன் கரூர்–பெங்களூரு பஸ்ஸுக்குப் பயன்படுமா?

பதில்: எஞ்சினின் ‘உம்’ என்ற ஓசை நன்றாகக் குறையும். பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் பேசுவது அவ்வளவாகக் குறையாது. உங்களுக்குத் தொல்லை எது என்று பார்த்து வாங்குங்கள். பேச்சுதான் தொல்லை என்றால், காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனை வைத்த சாதாரண ஒயர் இயர்போனே போதும், சார்ஜும் கேட்காது.