கேட்காத சம்பளம்

கேள்வி: பெருந்துறை பக்கம், ஆதரவில்லாத 9 பெண்களை வைத்துத் துணிப்பை தைக்கும் யூனிட் நடத்துகிறேன். கல்யாணத் தாம்பூலப் பை ஆர்டர்தான் அதிகம். சேவை என்பதால் விலையைக் குறைத்தே வைத்திருக்கிறேன். கடைகளுக்குக் கொடுத்த சரக்குக்கும் பணம் இழுக்கிறது. இரண்டு மாதமாகச் சம்பளம் தர முடியவில்லை. ஆனாலும் அக்காக்கள் குடும்பம் மாதிரி, வாய் திறந்து கேட்டதே இல்லை. என் கணவரோ மூடச் சொல்கிறார். அவருக்கு என் லட்சியத்தை எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கணவரை அப்புறம் பார்க்கலாம். வாய் திறந்து கேட்டதே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, ஏன் கேட்கவில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்ற பயம். தவிர, உதவி செய்கிறவர் என்று ஊரே சொல்லும் ஒருவரிடம் கூலி கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அவர்கள் பேசாமல் இருக்கலாம், குழுக்கடன் தவணை பேசாமல் இருக்காது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். மளிகைக் கடையில் அவர்கள் தலைகுனிந்து நிற்பதை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குடும்பம் என்கிறீர்கள். நம் வீடுகளில் சோறு குறைந்தால் பரிமாறுகிறவள்தான் கடைசியில் சாப்பிடுவாள். உங்கள் யூனிட்டில் பசியோடு காத்திருப்பது யார்?

1959-இல் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். அங்கே அப்பளம் தேய்த்த பெண்ணுக்கு அன்றன்றைக்கே கூலி. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்லித்தான் இதைச் செய்யவேண்டுமா?

நீங்கள் வைத்திருக்கும் குறைந்த விலையால் யாருக்கு லாபம்? மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்களுக்கு. அவர்களுக்கு நீங்கள் தரும் தள்ளுபடி, தைக்கிறவளின் கூலியிலிருந்து போகிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளவர் கட்டிய கட்டணம்தான் இல்லாதவருக்கு இலவச சிகிச்சையானது. நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

விலையை ஏற்றுங்கள். பாதிப்பணம் முன்பணமாக வராமல் கல்யாண ஆர்டருக்குத் துணி வெட்டாதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு தொழிலிடம் சரக்கு எடுத்த கடைக்காரர், அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாகவேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

பழைய பாக்கிக்கு உங்கள் நகையை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் கணவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். 9 பேருக்குச் சம்பள பாக்கி என்று அவரிடம் இதுவரை சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கணக்கை மறைத்துவிட்டு லட்சியத்தைப் புரியவைக்க முடியாது, அம்மா.

இந்த வாரமே 9 பேரையும் உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டில் அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். கடைசிப் பாக்கி தீர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் கணவரைப் பற்றி அப்போது பேசலாம்.