தொப்பி கண்ணை மறைக்கிறதா? கண்ணி கூட்டுவதை எங்கே நிறுத்துவது

குரோஷே ஊசியால் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பின்னிய தொப்பி பெரிதாகிக் கண்ணை மறைக்கிறது, உங்கள் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால், உச்சி வட்டத்தின் குறுக்களவு 16.5 செ.மீ. ஆனதும் கண்ணி கூட்டுவதை (ஒரே கண்ணியில் இரண்டு பின்னுவதை) நிறுத்திவிடுங்கள். அதன்பிறகு ஒரு கண்ணிக்கு ஒன்றுதான். முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்தச் சுற்று வரை பிரித்தால் போதும்.

எந்தத் தலைக்கும் கணக்கு ஒன்றே: சுற்றளவில் 4 செ.மீ. கழித்து 3.14ஆல் வகுக்க வேண்டும். பின்னல் இழுபடும் என்பதால்தான் கழிக்கிறோம். 48 செ.மீ. தலையுள்ள குழந்தைக்கு 14 செ.மீ. வரும்.

பின்னல் குறிப்பில் ‘எட்டுச் சுற்று கூட்டுங்கள்’ என்பதுபோல் இருப்பதை அப்படியே நம்பிப் போட்டதுதான் பெரும்பாலும் வினை. அந்த எண்ணிக்கை அதை எழுதியவரின் நூலுக்கும் ஊசிக்கும் கை இறுக்கத்துக்கும் உரியது. 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 5 மி.மீ. எடுத்தாலே வட்டம் பெருத்துவிடும். சுற்றை எண்ணுவதைவிட அளவுகோலை வைத்துப் பார்ப்பதே மேல்.

அளப்பதற்கு முன் வட்டத்தை மேசைமேல் விரியுங்கள். ஓரம் அலையலையாக நெளிந்தால் கண்ணிகள் அதிகம். கிண்ணம்போல் குழிந்தால் குறைவு. இரண்டு நிலையிலும் அளவு தவறாகவே காட்டும்.

இதெல்லாம் கம்பளி, அக்ரிலிக் நூலுக்கு. பருத்தி நூல் இழுத்தால் திரும்பாது, துவைத்தால் தளரவும் கூடும்; அதற்கு முதலில் ஒரு சிறு துண்டு பின்னித் துவைத்துப் பார்த்துவிட்டு எவ்வளவு கழிப்பது என்று முடிவுசெய்யுங்கள்.