மாஸ்ரரிடம் கேளுங்கள்: பேரனுக்கு ஒரு கதிரை

கேள்வி: எங்கள் நாற்சார் வீட்டு விறாந்தையில் குடும்பத்தை இருத்தி எண்ணெய் வர்ணத்தில் வரைகிறேன். அம்மம்மா, அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் சரியாக வந்துவிட்டார்கள். அண்ணா ரொறன்ரோவில். பேரன் இல்லாத படம் தனக்கு வேண்டாம் என்கிறார் அம்மம்மா. அண்ணா அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம், மாஸ்ரர்?
– வாசகி, கொக்குவில்

பதில்: பிழை அண்ணாவின் முகத்தில் இல்லை, பிள்ளை, வெளிச்சத்தில்தான். உங்கள் விறாந்தைக்கு முற்றத்துப் பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் வருகிறது. சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் அதில் பட்டுத் தெறித்து எல்லோருடைய நாடிக்குக் கீழும் இலேசான செம்மை ஏறியிருக்கும். அண்ணாவோ தலைக்கு மேல் எரியும் மின்விளக்கின் கீழ் நிற்கிறார். ஒரு வீட்டுக்குள் இரண்டு சூரியன் உதித்தால் எப்படி ஒட்டும்?

சுவரில் அவருடைய படத்தை மாட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பிரெஞ்சு ஓவியர் தேகா அப்படிச் செய்தார். 1858இல் தொடங்கிய ‘பெல்லெல்லி குடும்பம்’ என்ற பெரிய படத்தில், கறுப்பு உடுத்து நிற்கும் மாமியின் பின்னால், சிவப்புச் சோக்கில் வரைந்த அப்பப்பாவின் உருவம் சுவரில் தொங்குகிறது. ஆனால் அந்த அப்பப்பா காலமாகிவிட்டவர். மாமி அணிந்திருப்பதும் துக்க உடைதான். நம் வீடுகளில் சட்டம் போட்ட முகம் சுவரில் ஏறினால் அடுத்தது மாலையும் சின்னச் சிவப்பு பல்பும். உயிரோடிருக்கும் பேரனை அங்கே ஏற்றினால் அம்மம்மா உங்களையும் கன்வசையும் சேர்த்துப் படலைக்கு வெளியே விட்டுவிடுவார். வெறுங்கதிரையும் வேண்டாம், அது இன்னும் மோசம்.

அதே படத்தில் மாமாவைப் பாருங்கள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிறார். முகத்தின் ஒரு பக்கம்தான் தெரிகிறது. அண்ணாவையும் அப்படி இருத்துங்கள். யன்னலோரம், மின்விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் முற்றம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் யன்னல் வரும்படி அமர்ந்து, பத்தடி தள்ளிப் பின்னாலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிட்ட நின்று எடுத்தால் தோள் பூசணிக்காய் ஆகிவிடும். அவர் விட்டுப்போன சேர்ட் ஒன்று அலுமாரியில் கிடக்கும். அதை அப்பாவுக்குப் போட்டு அதே கதிரையில் இருத்தி, மடிப்புகளை நேரில் பார்த்து வரையுங்கள்.

பிடரியையும் காதையும் மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு வீட்டில் நான் இப்படி முதுகுப் பக்கமாக வரைந்த பையனை, வர்ணம் காயுமுன்னரே தாய் கண்டுபிடித்தார். “இந்தக் காது தகப்பனுடையது” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கேள்வி: தலைமயிருக்குப் பூசிய கறுப்பின் மேல் வெளிறிய கோடுகள் போட்டேன். இப்போது வெடித்திருக்கிறது. ஏன்?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: எண்ணெய் வர்ணம் ஈரத்துணிபோல் உலர்வதில்லை. அதில் கலந்திருக்கும் ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. கறுப்பு மெதுவாக இறுகும். அம்பர் மண்ணிறம் விரைவாக. அடி இளகியிருக்கும்போது மேல்தோல் இறுகினால் வெடிக்கத்தான் செய்யும். அடிப்பூச்சுக்கு ரேப்பன்ரைன் கலந்த மண்ணிறம், மேலே போகப்போக எண்ணெய் கூடட்டும். வெடித்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுங்கள்; மேலே பூசி மறைத்தால் மறுபடியும் வெடிக்கும்.

கேள்வி: அலுமாரிக்குள் வைத்த படம் மஞ்சளாகிவிட்டதே?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: ஆளி எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். நேர் வெயில் படாத வெளிச்சமான விறாந்தையில் சில வாரம் வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அலுமாரி சேலைக்குத்தான்.